நகல்கள் உட்பட

அப்பா இறந்து எத்தனையோ வருஷமாகியும் அக்கா அவருக்கு இன்னும் சாப்பாடு போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். என்ன செய்வது, அவள் பார்த்த வேலை அப்படி. உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த துளித் தோலை ஒரு வட்டத் தட்டில் வைத்து, இளஞ்சிவப்பாக ஒரு திரவத்தை ஊற்றி, உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் வைத்தால் அதிலுள்ள செல்கள் பிழைத்துக்கொள்ளும், பெருகவும் செய்யும். அவ்வப்போது பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதற்குச் சாப்பாடு போடுவது என்றுதான் பேச்சு.

அவர்கள் குடும்பத்தில் ஒரு நோய் உண்டு. கால் சதையில் ஆரம்பிக்கும், கைக்கு வரும், கடைசியில் மூச்சு இழுக்கும் சதையையும் கரைத்துவிட்டுத்தான் ஓயும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளில் சிலருக்கு வரும், சிலரை விட்டுவிடும். அப்பாவுக்கு இருந்தது. அக்காவை விட்டுவிட்டது. தம்பியை விடவில்லை. லேத் பட்டறையில் இரும்புத் துண்டுகளை அநாயாசமாகத் தூக்கிப் போட்ட அப்பா, ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க முடியாமல் விழிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்கா இந்தப் படிப்புக்கே போனாள். படித்து முடித்து, தனக்கென்று ஒரு ஆய்வுக்கூடம் கைக்கு வந்ததும், முதல் வேலையாக அப்பாவின் புஜத்திலிருந்து ஒரு துளி தோல் எடுத்தாள்.

"வலிக்குதாப்பா?"

"போடி, இதெல்லாம் ஒரு வலியா?" என்றார் அவர். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. நான் போனப்புறமும் எனக்குச் சோறு போடப்போற ஒரே ஆளு நீதான்."

சொன்னபடியே போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு துளியை வைத்துக்கொண்டு அக்கா தலைகீழாக நின்றாள். தோல் செல்லைச் சதை செல்லாக மாற்றினாள். அது கரைவதை நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தாள். எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்கவே தலைமுடி பாதி நரைத்துவிட்டது. கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்களெல்லாம் அலுத்துப்போய் அடங்கினார்கள். கடைசியில் ஒருநாள், கோளாறைச் சரிசெய்த ஒரு தட்டு மட்டும் கரையவில்லை. பக்கத்துத் தட்டுகளெல்லாம் கந்தலாகிக் கிடக்க, அது மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. அக்கா மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து போய், கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதே வருஷம்தான் அவன் வலது காலை இழுத்து நடக்க ஆரம்பித்திருந்தான். அப்புறம் கரும்பலகையின் மேல் பாதிக்குக் கை எட்டவில்லை. கீழ்ப் பாதியிலேயே கணக்கைப் போட்டு முடித்தான். வீட்டில் அவன் மனைவியும், பத்து வயசு மகள் குட்டியும். அக்கா அவன் வீட்டு மாடியிலேயே குடியிருந்தாள். வேலை முடிந்து படியேறும்போது தினமும் உள்ளே இருந்து அவன் குரல் வரும்.

"என்னக்கா, அப்பா சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு, சாப்ட்டாரு. உன்னைவிட நல்லாவே இருக்காரு."

"இருப்பாரு, இருப்பாரு. பாடம் எடுக்கணுமா, பேப்பர் திருத்தணுமா அவரு?"

இப்படிக் கேலி பேசுவானே தவிர, எனக்கு எப்போது மருந்து வரும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளை அறுத்தது.

இந்த நேரத்தில்தான் எதிர்க் கட்டடத்தில் ஒரு அநியாயம் நடந்தது. அங்கே ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தார். உப்புத் தண்ணீரிலும் அழுகாத பயிர் வேர்களைப் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். எல்லாருக்கும் அவர் வேர்க்காரர். அவருடைய வேலை மொத்தத்தையும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பல்கலைக்கழகத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. விதை, நாற்று, குளிர்பெட்டி, பதிவுகள் எல்லாம் போயிற்று. வாங்கி என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் விற்கும் உரத்துக்கு இது போட்டியாக வந்துவிடுமாம், அதனால் பூட்டி வைத்துவிட்டார்கள். மனிதர் தினமும் வழக்கம் போல வந்து, டீ அறையில் உட்கார்ந்து, சாயங்காலம் எழுந்து போவார். யாராவது பேச்சுக் கொடுத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார்.

அடுத்த மாதமே துணைவேந்தர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அதே மாதிரி ஒரு கம்பெனி இவள் செல்களையும் கேட்கிறதாம்.

"என்னய்யா பேசறீங்க? அது எங்கப்பா!" என்று அக்கா கத்தியது வாசலில் நின்ற பியூனுக்கே கேட்டதாம்.

அதோடு விட்டாளா? பத்திரிகைக்குப் போனாள், வழக்கறிஞரைப் பிடித்தாள், வேர்க்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஊர் ஊராகப் பேச வைத்தாள். பற்றிக்கொண்டது. நம் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியை வெளிநாட்டவர் வாங்கிப்போவதைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று எல்லாக் கட்சியும் சொல்ல ஆரம்பித்தன. நாடாளுமன்றக் குழு ஒன்று போட்டார்கள். அக்காவைச் சாட்சியாக அழைத்தார்கள்.

பச்சைத் துணி போட்ட நீள மேஜை. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அக்கா பேசினாள். நன்றாகவே பேசினாள், குறை சொல்ல முடியாது. குழுவின் தலைவி ஒரு நியாயமான கேள்வி கேட்டார்.

"மூலப் பொருளை விக்கக் கூடாதுங்கறது சரி. அதோட ஒரு நகல் வெளிநாட்டுல இருந்தா?"

"ஒரே ஒரு நகல் வெளிய இருந்தாலும் நம்மளோடது நம்மளோடது இல்லைங்க," என்றாள் அக்கா, யோசிக்கவே இல்லை. "செல்லுன்னா அது பெருகும். ஒரு குப்பி போதும், ஒரு தொழிற்சாலையே வெச்சிடலாம். நகலையும் சேர்த்துத்தான் தடுக்கணும்."

மேஜையைத் தட்டினார்கள். தலைவி குறித்துக்கொண்டார். சட்டம் வந்தபோது அந்தப் பிரிவு இப்படி இருந்தது: ஆராய்ச்சிப் பொருள் எதுவும், அதன் நகல்கள் உட்பட, வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் உள்ள எவரிடமும் இருத்தல் கூடாது, அத்தகையோர் முன் அனுமதியின்றி ஆய்வு வளாகத்தில் நுழைதலும் கூடாது. 'நகல்கள் உட்பட' என்ற இரண்டு வார்த்தையும் தன்னுடையது என்று அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. தம்பி வீட்டில் அதைப் படித்துக்கூடக் காட்டினாள்.

இப்போது ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், அடித்துக்கொள்ளட்டும். தட்டில் வளரும் செல்லுக்கும் வயசாகும். பெருகிப் பெருகிக் கிழடு தட்டிவிட்டால் எதற்கும் உதவாது. அதனால் இளசாக இருக்கும்போதே சுண்டுவிரல் நீளக் குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்கி உறைய வைத்துவிடுவார்கள். அங்கே அது தூங்கும், வயசாகாது. அந்தத் தொட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நெருப்பு, வெள்ளம், எதுவும் வரலாம். எனவே இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பாதிக் குப்பிகளைத் தூரத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரின் தொட்டியில் கொடுத்து வைப்பார்கள். பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வைப்பதைப் போல.

அக்காவின் பாதி அவளுடைய சிநேகிதியிடம் இருந்தது. ஒரே விடுதி அறையில் படுத்துப் படித்தவர்கள். சிநேகிதி இப்போது வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து நகல் நகல் என்று முழங்கியபோது அக்காவுக்கு அது ஞாபகமே வரவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை. தன் அலமாரியின் இன்னொரு தட்டில் இருக்கும் பொருளை யாராவது வெளிநாட்டில் இருக்கிறது என்று நினைப்பார்களா? அவளுக்கு அந்தத் தொட்டி சிநேகிதியின் தொட்டி, அவ்வளவுதான். சட்டம் அமலுக்கு வந்து, வெளியே இருக்கும் நகல்களை அறிவித்து, கெடுவுக்குள் திரும்பப் பெற வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னாள். அவன் நாற்காலியில் சாய்ந்து, இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கும் அவளுக்கும்தான்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. தெரியாத ஊர்ல, தெரியாத தொட்டியில, யாரு போய்ப் பாக்கப்போறா?"

"சட்டம் வேணும்னு தொண்டை கிழியக் கத்தினவளே ஒளிச்சு வெச்சா நல்லா இருக்குமாடா?"

"நல்லா இருக்காதுதான். ஆனா அப்பா பத்திரமா இருப்பாரே." அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்காதேன்னு சின்ன வயசுல நீதானே எனக்குக் காசு சேர்க்கக் கத்துக்கொடுத்த."

அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்ப வரவழைக்கலாம் என்றால் அதற்குத் தனி அனுமதி, சுங்கத்தில் தனி அனுமதி. கெடுவுக்குள் நடக்கிற காரியம் இல்லை. அழிப்பதுதான் சுலபம். சிநேகிதி வீடியோவில் வந்து கெஞ்சினாள்.

"கொஞ்சம் பொறுடி. முதல்ல அங்கயே வேற ஒரு ஊர்ல பாதியைக் கொண்டுபோய் வை. அதுக்கப்புறம் இதை அழிக்கலாம். ரெண்டு மாசம் தள்ளிப்போனா குடியா முழுகிப்போகும்?"

"கெடு தாண்டினா லைசென்ஸை ரத்து பண்ணிடுவாங்க. பத்திரிகைக்காரன் மோப்பம் பிடிச்சா என்னை நாறடிச்சிடுவான். இங்கதான் தொட்டி நிறையக் குப்பி இருக்கே. நீ அழிச்சிடு."

உண்மையைச் சொன்னால், லைசென்ஸ் பாதி, வீம்பு பாதி. சட்டத்துக்கு முதலில் கட்டுப்பட்டவள் என்று பேர் வாங்க வேண்டும் அவளுக்கு. வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிநேகிதி குப்பிகளை ஒவ்வொன்றாக, எதையும் அவித்துக் கொன்றுவிடும் சூட்டுப் பாத்திரத்தில் போட்டு மூடினாள். மூடிவிட்டு, "மன்னிச்சிடுங்கப்பா," என்றாள். விடுமுறைக்கு இவர்கள் வீட்டுக்கு வந்து அப்பா கையால் டீ வாங்கிக் குடித்தவள் அவள். அக்கா அவசரமாகத் திரையை அணைத்தாள். மறுநாள் பத்திரிகையில் அவள் படம் வந்தது, மனசு சரியாகிவிட்டது.

அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. சட்டத்தை விளக்கிப் பேச வாருங்கள் என்று மற்றப் பல்கலைக்கழகங்களெல்லாம் அழைத்தன. ஒரு நீண்ட சுற்றுப்பயணம் ஏற்பாடாயிற்று. ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லாத நேரத்தில் தட்டுகளை வளரவிடக் கூடாது, கிருமி புகுந்துவிடும். அதனால் வழக்கப்படி எல்லாத் தட்டையும் உறைய வைத்து, கரையாத அந்த அருமையான செல்கள் உட்பட, தொட்டியில் இறக்கினார்கள். உதவியாளப் பெண்ணுக்குத் தாயாகப்போகிற நேரம். "நீ வீட்டுக்குப் போம்மா, எல்லாரும் தூங்கறாங்க, யாருக்கும் சாப்பாடு போட வேண்டாம்," என்று அக்காவே லீவு கொடுத்து அனுப்பினாள்.

தொட்டிக்கு மட்டும் சாப்பாடு வேண்டும். நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாரம் தவறாமல் கேஸ் கம்பெனி லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். வருஷக்கணக்காக ஒரே டிரைவர், கதவு எது, தொட்டி எது என்று அவருக்கே தெரியும். அந்தக் கேஸ் கம்பெனியை முந்தைய வருஷம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்கியிருந்தது. டிரைவர் மாறவில்லை, லாரி மாறவில்லை, பக்கவாட்டில் பெயர்கூட மாறவில்லை. யாருக்கும் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழகம் புதிதாக வைத்திருந்த பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்தது. அவர் அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்!

அக்கா ஒரு பெரிய அரங்கில் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது டிரைவர் ஃபோன் செய்தார்.

"அம்மா, கேட்டுல விடமாட்டேங்கறாங்கம்மா. எங்க கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனியாம். நான் பொறந்து வளந்ததெல்லாம் இங்கதான்னு சொல்றேன், கேக்கவே மாட்டேங்கறாரு."

"நான் பேசறேன், வெச்சிடுங்க."

பேசினாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், நீங்க கொண்டுவந்த சட்டம். நானே மீறினா எப்படி? அனுமதிக் குழு கையெழுத்துப் போட்டா உடனே திறந்துவிடறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் சட்டம் இவ்வளவு கறாராக வேலை செய்கிறதே என்று கொஞ்சம் மனம் குளிர்ந்தும் போனாள். அனுமதிக் குழுவில் துறை நிபுணர் ஒருவர் நேரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும், ஃபோனில் சொல்வது செல்லாது. அந்த நிபுணர் யார் தெரியுமா? இவளேதான். இவள் ஊரில் இல்லாததால் குழு கூடவில்லை. குழு கூடாததால் லாரி உள்ளே வரவில்லை. "சரி, வந்ததும் முதல் வேலையா போட்டுடறேன். தொட்டி தாங்கும்," என்று சொல்லிவிட்டு மேடையேறினாள். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

புதுத் தொட்டியாக இருந்தால் தாங்கியிருக்கும். இது பழசு, மூடியின் உள்பக்கம் தேய்ந்து போயிருந்தது. உதவியாளப் பெண் தினமும் ஒரு குச்சியை விட்டு அளந்து பார்த்து, குறைந்தால் கேனிலிருந்து ஊற்றிச் சமாளித்து வந்தாள். அக்கா அதையெல்லாம் தன் கையால் செய்து வருஷங்கள் ஆகிவிட்டன. டிரைவர் அடுத்த வாரமும் வந்தார், திருப்பி அனுப்பினார்கள். அதற்கடுத்த வாரமும் வந்தார். இரண்டாம் முறை அவர் அக்காவைக் கூப்பிட்டபோது ஃபோன் அணைந்திருந்தது. விமானத்தில் இருந்தாள்.

பயணம் முடிந்து, பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. தொட்டியின் மூடியைத் தூக்கினாள். தூக்கினால் குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பி மணிக்கட்டைச் சில்லிட வைக்கும். புகை வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அடி தெரிந்தது. கையுறை போடாமல் கையை விட்டாள். தண்ணீர்க் குழாயைத் தொட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான் குளிர்ச்சி. ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்தாள். உள்ளே இருந்தது உருகி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

அவள் ஒவ்வொரு குப்பியாக எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள். அதற்குப் பிறகும், இருக்காது என்று தெரிந்தும், சிலவற்றைத் திறந்து தட்டில் ஊற்றி, இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, சூட்டுப் பெட்டியில் வைத்துக் காத்துக் கிடந்தாள். பிழைத்த செல் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும், செத்தது மிதக்கும். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். எல்லாம் மிதந்தன. வேர்க்காரர் எப்படியோ கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

யாரைக் குற்றம் சொல்வது? வேர்க்காரரைக் கொள்ளையடித்த மாதிரி இன்னொருவரைக் கொள்ளையடிக்காமல் இருக்கத்தான் அந்தச் சட்டம். அதிகாரி தன் வேலையைச் செய்தார். ஒரு வெளிநாட்டுக்காரனும் அப்பாவை வாங்கவில்லை, ஒருத்தனும் தொடக்கூட இல்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்து அக்காவே கொன்றுவிட்டாள். படியிறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவள் இதைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனாள்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். கதவு திறந்திருந்தது. தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள்.

"வாக்கா, உக்காரு," என்றான் தம்பி. "ஊர்ல இல்லாதப்போ ஃபோன்ல சொல்ல வேண்டாம்னு இருந்தோம்."

"என்னடா?"

"குட்டி ரெண்டு மூணு தடவை தடுக்கி விழுந்தா. சரி, ஓடியாடற பிள்ளைன்னு விட்டோம். இவளுக்கு மனசு கேக்கல. டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டோம்." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "அவளுக்கும் இருக்குக்கா."

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே இருந்தாள்.

"நீ முகத்தை இப்படி வெச்சுக்காதே. என் கதை வேற, எனக்கு நேரம் போயிடுச்சு, அது எனக்கே தெரியும். அவளுக்கு இப்பத்தான் ஆரம்பம். பெருசாகறதுக்குள்ள நீ மருந்தாக்கிடுவே. நான்கூட இவகிட்ட சொன்னேன், அழாதேடி, அப்பா எங்களுக்காக முன்னாடியே போய்ப் படுத்திருக்காருன்னு."

அப்போதுதான் அக்கா சொன்னாள். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. தொட்டி வறண்டுடுச்சு, எதுவும் மிஞ்சல, நான்தான், நான்தான் என்று அரைகுறையாக வந்தது. லாரியைப் பற்றிச் சொன்னாள், கையெழுத்தைப் பற்றிச் சொன்னாள். தம்பி மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. மடித்த துணியைத் தரையில் விட்டெறிந்தாள்.

"அன்னிக்கே இவரு சொன்னாரே அண்ணி! வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு சொன்னாரே! அங்க ஒரு பாதி இருந்திருக்குமே! கைதட்டு வாங்கறதுக்கா என் பிள்ளையைக் கொடுத்தீங்க?"

"ஏய், விடு," என்றான் தம்பி.

"என்னத்த விடறது? எத்தனை வருஷமாகும், கேளுங்க. திரும்பவும் முதல்லேந்து ஆரம்பிச்சா எத்தனை வருஷமாகும், சொல்லச் சொல்லுங்க!"

அக்கா வாயைத் திறந்தாள். தம்பியின் தோலை எடுத்துத் தொடங்கினாலும், அதைச் சதையாக்கிச் சரிசெய்ய மறுபடி அத்தனை வருஷம். தன் வயசையும் குட்டியின் வயசையும் கூட்டிப் பார்த்தாள், எப்படிக் கூட்டினாலும் கணக்கு இடித்தது.

சத்தம் கேட்டுக் குட்டி உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள். முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பதை அவள் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அத்தை! உன்னை டிவியில பாத்தேன்! எங்க கிளாஸ்ல எல்லார்கிட்டயும் எங்க அத்தைன்னு சொல்லிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் கேட்பவளைப் போலக் கேட்டாள். "அத்தை, எனக்குக் காலு இப்படி ஆயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாருல்ல, அதுக்கு உன்கிட்ட மருந்து இருக்காமே? அப்பா சொன்னாரு. இருக்குதானே?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாதவன் அவன்.

"இருக்கு கண்ணு," என்றான் தம்பி. "அத்தைகிட்ட பத்திரமா இருக்கு. நீ போய் வீட்டுப்பாடத்தை முடி."

குட்டி நம்பவில்லை. அத்தை வாயால் கேட்க வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் குட்டி கையை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.